வருகைப் பதிவேடு

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தவர்கள் மீண்டும் ஒருநாள் கூடுவது இன்று நம் ஊர்களில் ஏறத்தாழ ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார். மறந்துபோன பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. நாள் குறிக்கப்படுகிறது, பணம் திரட்டப்படுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, மதியம் பிரியாணி, மாலையில் எல்லாரும் வரிசையாக நின்று ஒரு குழுப்படம். அன்று முழுவதும் கேட்கப்படும் வினாக்கள் மூன்றே: என்ன வேலை? பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? உடம்பு எப்படி இருக்கிறது? ஐம்பதைக் கடந்தவர்கள் கூடும்போது மூன்றாம் வினாவே முந்திக்கொள்கிறது.

இம்மூன்றுக்கும் அடியில் வாய்விட்டுக் கேட்கப்படாத நான்காம் வினா ஒன்று கிடக்கிறது. ஒரே கரும்பலகையைப் பார்த்துத் தொடங்கிய நம்முள் முன்னே சென்றவர் யார், பின்தங்கியவர் யார் என்பதே அது. பழைய வகுப்புத் தோழரைப் பல்லாண்டுகளுக்குப் பின் நாம் காண விழைவது எதற்காக? நம் இளமையைத் திரும்பப் பெறவா? நம் வெற்றியை அளந்துபார்க்கவா? அல்லது அவரையே காணவா? இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, நம் தமிழ்த் திரை தந்த மூன்று படங்களையும், இங்கிலாந்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்பட வரிசையையும் இங்கு ஆராய விரும்புகிறோம்.

நம் திரை கண்ட தோழமை

2018-இல் வெளிவந்த '96' என்னும் படத்தை நம் வாசகர்கள் பலரும் பார்த்திருப்பர். பிரேம்குமார் இயக்கியது, விஜய் சேதுபதியும் திரிஷாவும் நடித்தது. தஞ்சையில் பத்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்கள் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் கூடுகின்றனர். மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்துவிட்ட ராமும், மணமாகிச் சிங்கப்பூரில் குடும்பத்தோடு வாழும் ஜானுவும் அன்றிரவு முழுவதும் நகரில் பேசிக்கொண்டே நடக்கின்றனர். விடிந்ததும் அவள் விமானம் ஏறுகிறாள். இப்படத்தின் கண்ணியம் பாராட்டத்தக்கது. பிறர் வீட்டு வாழ்வைக் குலைக்காமலே பழைய அன்பை மதிக்க முடியும் என்பதை அது பொறுமையோடு காட்டியது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். அன்று கூடிய மற்றவர்கள் என்ன ஆயினர்? அவர்கள் என்ன வேலை செய்கின்றனர், யாரைப் பறிகொடுத்தனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பதை அறிய நமக்கு வாய்ப்பே இல்லை. ஒரு வகுப்பு முழுவதும் இருவரைச் சந்திக்க வைப்பதற்கான வாயிற்படியாகிவிட்டது. ராமின் குடும்பம் தஞ்சையை விட்டு இரவோடிரவாகப் பெயர்ந்ததற்குக் கடன் தொல்லையே காரணம். ஒரு பதினைந்து வயதுச் சிறுவனின் இருக்கை கடனால் வெறுமையானது என்பது எவ்வளவு பெரிய செய்தி! படம் அதைக் காதலர் பிரிவுக்கு ஏற்ற காரணமாக மட்டும் கொண்டு கடந்துவிடுகிறது.

சேரனின் 'ஆட்டோகிராஃப்' 2004-இல் வந்தது. மணமாகவிருக்கும் ஓர் இளைஞன் அழைப்பிதழைக் கையில் ஏந்தித் தன் பழைய ஊர்களையும் பழைய நட்புகளையும் தேடிச் செல்கிறான். பள்ளித் தோழியைக் கணவரோடும் பிள்ளைகளோடும் அவன் காணும் இடம் உள்ளத்தைத் தொடுவது. எனினும் படத்தின் பெயரே அதன் பார்வையைச் சொல்லிவிடுகிறது. பிறர் யாவரும் அவன் நினைவேட்டில் கையொப்பமிட்டுச் செல்பவர்கள். அவர்களுடைய ஏட்டில் இவன் என்ன எழுதினான் என்று படம் கேட்பதில்லை.

2007-இல் தங்கர் பச்சான் இயக்கிய 'பள்ளிக்கூடம்' இவ்விரண்டினும் புகழில் குறைந்தது. ஆனால் நம் கேள்விக்கு மிக அருகில் வந்த படம் அதுவே என்பது நம் துணிபு. ஊர்ப் பள்ளி மூடப்படும் நிலை. ஊரிலேயே தங்கிவிட்ட முன்னாள் மாணவர் ஒருவர், மாவட்ட ஆட்சியராகவும் திரைப்பட இயக்குநராகவும் உயர்ந்துவிட்ட தம் பழைய தோழர்களைத் தேடிப் புறப்படுகிறார். இங்கு வகுப்புத் தோழமை வெறும் நினைவாக நின்றுவிடவில்லை. அது ஓர் உரிமையாகிக் கதவைத் தட்டுகிறது. 'நீ என்னோடு படித்தவன். ஆகவே நீ வரவேண்டும்' என்று ஓர் ஏழை சொல்ல முடிகிறது. கண்ணீர் சற்று மிகுதி, பழைய காதல் இங்கும் நுழைந்துவிடுகிறது என்னும் குறைகள் இருப்பினும், தோழமைக்கு ஒரு கடமை உண்டு என்று சொன்ன அளவில் அப்படம் நம் நன்றிக்கு உரியது.

இம்மூன்றும் கற்பனைக் கதைகள். கதையில் காலத்தை ஒரே நொடியில் இருபது ஆண்டுகள் தள்ளிவிடலாம். உண்மையிலேயே காத்திருந்து, மெய்யான மனிதர் முதுமை அடைவதைக் காட்டிய படைப்பு ஒன்று உண்டு. அதனிடம் இனிச் செல்வோம்.

ஏழு வயதில் எழுதிய தீர்ப்பு

1964-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிரானடா தொலைக்காட்சி 'செவன் அப்' என்னும் சிறு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஏழு வயதுக் குழந்தைகள் பதினால்வர் அதில் பேசினர். பால் ஆல்மண்ட் அதை இயக்கினார். குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கும் பணியில் இருந்த இளைஞர் மைக்கேல் ஆப்டெட், 1970-இல் அவர்களைப் பதினான்கு வயதில் மீண்டும் தேடிச் சென்றார். அதன்பின் ஏழாண்டுக்கு ஒருமுறை அவரே சென்றார். 2019-இல் வந்த '63 அப்' வரை ஒன்பது பகுதிகள். 2021 ஜனவரியில் ஆப்டெட் காலமானார். ஒருமுறை காட்டுவதற்கென்று தொடங்கிய வேலை ஒரு மனிதரின் வாழ்நாள் பணியாயிற்று.

பதினால்வரும் ஒரே வகுப்பினர் அல்லர். ஆனால் அவர்களுள்ளே வகுப்புத் தோழர்கள் இருந்தனர். இலண்டனின் கிழக்குப் பகுதியில் உழைப்பாளர் வீட்டுச் சிறுமியர் மூவர் ஒரே பள்ளியினர். செல்வர் வாழும் கென்சிங்டன் பகுதிச் சிறுவர் மூவர் ஒரே பள்ளியினர். லிவர்பூல் நகரின் புறப்பகுதியில் இருவர். அறநிலைய இல்லம் ஒன்றில் இருவர். கென்சிங்டன் சிறுவர் ஏழு வயதிலேயே தாம் சேரவிருக்கும் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் பெயர் சொல்லி அடுக்கினர். இல்லத்துச் சிறுவருள் ஒருவரான பால், பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டான். அந்த ஒரு வினா, சமூக ஏற்றத்தாழ்வைப் பற்றிய ஆயிரம் பக்க ஆய்வைவிட உரக்க ஒலித்தது.

நிகழ்ச்சியின் அடித்தளமாக அவர்கள் எடுத்துக்கொண்டது, இயேசு சபையினர் கூறியதாக வழங்கும் ஒரு முதுமொழி. ஏழு வயதுக்குள் ஒரு குழந்தையை உருவாக்கிவிட்டால் பிற்காலத்து மனிதன் அதிலேயே தெரிந்துவிடுவான் என்பது அதன் கருத்து. பள்ளிகள் பல நடத்தும் நம் திருச்சபையில் இம்மொழியைப் பெருமையோடு எடுத்தாண்டவர்கள் உண்டு. மேடைகளில் நாமும் ஆண்டிருக்கிறோம். ஆகவே அதன் உண்மையை இப்படங்களைக் கொண்டு சோதிப்பது நமக்கும் பொருந்தும்.

ஓரளவு அது மெய்யாயிற்று என்பதை மறைக்க இயலாது. கென்சிங்டன் சிறுவருள் இருவர் வழக்கறிஞராயினர். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் உழைப்பாளராகவே இருந்தனர். ஆனால் மனிதர்கள் அந்த ஏட்டுக்குள் அடங்கவில்லை. யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் ஒரு குடியானவரின் மகனாக, மிகச் சிறிய கிராமப் பள்ளியில் படித்த நிக், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பல்கலைக்கழகப் படிப்பே இல்லாத சூ, இலண்டனின் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் பொறுப்பான நிர்வாகப் பணிக்கு உயர்ந்தார். எல்லாம் தங்கத்தட்டில் வந்தவர் எனக் கருதப்பட்ட ஜான், தம் ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். தாய் வேலைக்குச் சென்று அவரைப் படிக்கவைத்தார். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அவர் உதவித்தொகையில் சென்றார். பல ஆண்டுகள் கழித்தே இது படத்தில் சொல்லப்பட்டது.

இயக்குநரின் தவறு இன்னும் வெளிப்படையானது. குதிரைப் பந்தய ஜாக்கியாக விரும்பிய டோனி என்னும் கிழக்கு இலண்டன் சிறுவன் பிற்காலத்தில் குற்றவாளி ஆவான் என்று ஆப்டெட் எண்ணினார். அவருக்கு இருபத்தொரு வயதானபோது குற்றங்கள் மலிந்த தெருக்களில் அவரை வண்டியோட்டச் செய்து படமெடுத்தும் வைத்துக்கொண்டார். டோனி சிறைக்குப் போகவில்லை. டாக்சி ஓட்டினார், குடும்பம் நடத்தினார், பேரப்பிள்ளைகளைக் கண்டார். தாம் தவறாகக் கணித்ததை ஆப்டெட் பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். பதினால்வருள் பெண்கள் நால்வரே. அவர்களிடம் திருமணத்தைப் பற்றியே மிகுதியாகக் கேட்டதற்காக ஜாக்கி என்னும் பெண் கேமராவின் முன்னேயே அவரை எதிர்த்து வாதிட்டார். இந்த வாதங்களை வெட்டியெறியாமல் படத்திலேயே வைத்தது ஆப்டெட்டின் நேர்மை. பழைய தோழரைப் பற்றி நாமும் இப்படித்தானே ஒரு தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறோம்? 'அவன் அப்போதே அப்படித்தான்' என்னும் ஒரு வாக்கியத்தால் எத்தனை பேரைப் பத்தாம் வகுப்பிலேயே அடைத்துவிட்டோம்!

கேமரா காணாத ஒன்று

இவ்வரிசையின் உயிர்நாடி நீல் என்பவருடைய வாழ்வு. லிவர்பூல் சிறுவன், ஏழு வயதில் துள்ளிக் குதித்துத் தெருவில் ஓடியவன், விண்வெளி வீரனாகவேண்டும், இயலாவிட்டால் சுற்றுலாப் பேருந்து ஓட்டவேண்டும் என்றவன். இருபத்தொன்றில் பல்கலைக்கழகப் படிப்பைக் கைவிட்டு இலண்டனில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். இருபத்தெட்டில் வீடின்றி ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் அலைந்தார். மனநலம் குன்றிய நிலை. முப்பத்தைந்தில் வடகோடியிலுள்ள ஷெட்லண்ட் தீவில் தனிமையில் வாழ்ந்தார். அடுத்த பகுதிக்குள் இவர் இறந்துவிடுவாரோ என்றே பார்த்தவர்கள் பலரும் அஞ்சினர்.

1998-இல் வந்த '42 அப்' படத்தில் நீல் இலண்டனில் இருக்கிறார். உள்ளாட்சி மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். இடையில் நடந்தது என்ன? பதினால்வருள் ஒருவரான புரூஸ், நீல் இலண்டன் வந்தபோது அவருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். இந்தப் புரூஸ், தந்தையைப் பிரிந்து விடுதிப் பள்ளியில் வாடிய சிறுவர். ஏழு வயதில் ஆப்பிரிக்கா சென்று மறைப்பணியாளராகவேண்டும் என்றவர். அவர் ஆப்பிரிக்கா செல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் பயின்றபின் கிழக்கு இலண்டனின் எளிய பிள்ளைகளுக்கும், சிலகாலம் வங்காளதேசத்துப் பிள்ளைகளுக்கும் கணிதம் கற்பித்தார். அவருடைய திருமணத்தில் நீல் ஒரு விருந்தினர். பிற்காலத்தில் நீல் கும்பிரியா பகுதியில் மக்கள் பிரதிநிதியாகவும், தம் ஆலயத்தில் பொதுநிலைப் பணியாளராகவும் இருப்பதைக் காண்கிறோம். அவருடைய மனத்துயர் முற்றும் நீங்கிவிட்டது என்று படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் உயிரோடிருக்கிறார், ஒருவருக்கு வேண்டியவராயிருக்கிறார்.

நம் திறனாய்வின் மையம் இதுவே. ஆப்டெட்டின் கேமரா ஏழாண்டுக்கு ஒருமுறை வந்தது. ஒவ்வொருவரையும் தனியே அமர்த்தி வினவியது. அவர்கள் எல்லாரும் ஒன்றாயிருந்தது பெரும்பாலும் ஒரே நாள்தான். 1964-இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலைக்கும் ஒரு விருந்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அழைத்துச் செல்லப்பட்ட அந்த நாள். ஐம்பத்தைந்து ஆண்டுகள் படமெடுத்தும், இவர்கள் ஒருவருக்கொருவர் என்ன ஆயினர் என்பதை இவ்வரிசை மிகக் குறைவாகவே கேட்டது. அதன் பெருங்குறை இது. 'நீ என்ன ஆனாய்?' என்பதே அதன் ஓயாத வினா. 'உன்னோடிருந்தவனுக்கு நீ யார்?' என்னும் வினாவுக்கு விடை, கேமரா இல்லாத ஒரு நாளில், ஓர் ஆசிரியரின் சிறு வீட்டில் கிடைத்தது. இயக்குநர் அதைப் பிறகு வந்து குறித்துக்கொண்டார், அவ்வளவே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எல்லாரும் எல்லாப் பகுதிக்கும் வரவில்லை. சிலர் மனம் வெறுத்து விலகினர். சிலர் பல்லாண்டுகளுக்குப் பின் திரும்பினர். குழந்தைகளுக்கான நூலகராயிருந்த லின் 2013-இல் காலமானார்; பதினால்வருள் முதல் இழப்பு அவர். '63 அப்' எடுக்கப்பட்டபோது புற்றுநோயோடு பேசிய நிக் 2023-இல் மறைந்தார். ஆயினும் விலகியவரின் இடத்தில் புதியவர் ஒருவரை யாரும் அமர்த்தவில்லை. வராதவர் இடம் வெறுமையாகவே விடப்பட்டது. நல்ல ஆசிரியரின் வருகைப் பதிவேடும் அப்படித்தான். மாணவன் வராவிட்டாலும் அவன் பெயர் ஒவ்வொரு நாளும் அழைக்கப்படும்.

அழைக்கப்படாத பெயர்

இவ்வளவும் எழுதியபின், நம்மைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

1986-இல் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய எங்கள் வகுப்பும் சில ஆண்டுகளுக்கு முன் கூடியது. நாற்பத்தொரு பேர். இறந்தவர் நால்வர். பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டது. சாமியார் என்றால் எல்லாரையும் தெரியும் என்று நினைத்தனர். ஒரு பெயருக்கு எதிரே 'எண் கிடைக்கவில்லை' என்று எழுதப்பட்டிருந்தது. அவர் எங்கிருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். நம் பங்கிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவில் ஓர் அரிசி ஆலையில் இரவுக் காவலராயிருந்தார். தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று முடிவாகியிருந்தது. 'கூப்பிட்டா அவனுக்குத்தான் சங்கடம்' என்று ஒருவர் சொன்னார். நாம் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பில் இரக்கம் சிறிது இருந்தது. நம் மகிழ்ச்சிக்கு இடையூறு வேண்டாமே என்னும் எண்ணம் பெரிதாயிருந்தது.

அந்தக் காலத்தில் அவர் வீட்டில் மின்விளக்கு இருந்தது. நம் வீட்டில் இல்லை. தேர்வுக்கு முந்திய மூன்று மாதமும் அவர் வீட்டுத் திண்ணை விளக்கில்தான் நாம் படித்தோம். அவருடைய தாய் இருவருக்கும் சேர்த்தே சோறு போட்டார். நாம் தேறினோம், அவர் கணிதத்தில் தவறினார். நாம் குருமடம் சேர்ந்தோம். அவர் லாரியில் மூட்டை ஏற்றச் சென்றார்.

நீலுக்கு வீட்டில் இடம் கொடுத்த புரூஸைப் படத்தில் இரண்டாம் முறை கண்டபின் நம்மால் சும்மா இருக்க இயலவில்லை. ஒரு மாலை ஆலைக்குச் சென்றோம். மடித்துக் கட்டிய கைலியை அவசரமாக இறக்கிவிட்டு எழுந்தார்.

"வாங்க சாமி" என்றார்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பேசிக்கொண்டிருந்தோம். மகள் செவிலியர் பயிற்சி முடித்திருக்கிறாள். மனைவிக்குச் சர்க்கரை நோய். தமக்கு முழங்கால் வலி. இடையில் அவராகவே சொன்னார்:

"போட்டோ பாத்தேன் சாமி. மக செல்லுல காட்டுனா. நீங்க ரெண்டாவது வரிசையில நின்னீங்க."

நாம் ஒன்றும் சொல்லவில்லை.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனோ என்னமோ, தெரியல. ஆனா கூப்பிட்டிருக்கலாம்."

சொல்வதற்காக வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. தவறு நம்முடையது என்று மட்டும் சொன்னோம். அவர் தேநீர் வாங்கிவரச் சென்றார்.

அதன்பின் மாதம் ஒருமுறையேனும் செல்கிறோம். முன்னாளில் நம்மை 'டா' போட்டு அழைத்தவர் இன்னும் 'சாமி' என்றே அழைக்கிறார். அந்த 'டா' திரும்ப வருமா என்று நமக்குத் தெரியாது. அதைக் கேட்டுப் பெறவும் முடியாது.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வகுப்பும் ஒருநாள் கூடும், கூடவேண்டும். பழைய பாட்டும் சிரிப்பும் குழுப்படமும் வேண்டியவையே. ஆனால் பட்டியல் எழுதப்படும்போது ஒருமுறை நிறுத்தி, கிடைக்காத எண்கள் யாருடையவை என்று பாருங்கள். தோற்றவர் என்று நாம் முடிவுகட்டியவர், நோயுற்றவர், வழக்கில் சிக்கியவர், குடியால் சீரழிந்தவர், கணவரால் கைவிடப்பட்டவர், பணம் கொடுக்க இயலாதவர் ஆகியோருடைய எண்களே பெரும்பாலும் கிடைக்காமற்போகின்றன. வருவதும் வராதிருப்பதும் அவர்கள் விருப்பம். பெயர் சொல்லி அழைப்பது நம் கடமை.